அறிவியல் கண்காட்சிக்கு எதை வைப்பது: மூன்று வாளியா, கிளிப் படமா, அல்வாவா, அருவியா?

பள்ளிகளுக்கு அறிவியல் கண்காட்சி அறிவிப்பு வந்துவிட்டால் போதும். அம்பாசமுத்திரம், நாங்குநேரி, வள்ளியூர்ப் பக்கத்து ஆசிரியர்களும் பிளஸ் ஒன் பிள்ளைகளும் கேட்கத் தொடங்கிவிடுவார்கள். “மாறிக்கொண்டே இருக்கும் தூண்டலுக்கு மூளையின் உணர்வு நரம்புச் செல்கள் எப்படிப் பழகிக்கொள்கின்றன என்று காட்டணும். நாலைந்து சோதனை தெரியும். எதை எடுக்க?”

எல்லாச் சோதனையும் வேலை செய்யும். ஆனால் எல்லாம் ஒரே விஷயத்தைக் காட்டுவதில்லை. பல மேசைகளில் பிசகுவது இங்கேதான். சார்ட் அட்டையில் ‘மூளை’ என்று பெரிய எழுத்தில் இருக்கும். மேசையில் நடப்பதோ கைத்தோலின் வேலையாகவோ நாக்கின் வேலையாகவோ இருக்கும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தலைப்பில் ‘மூளை’ என்ற சொல் இருந்தால் அருவிச் சோதனையை எடுங்கள். மற்றவற்றுக்கும் அவற்றுக்குரிய இடம் உண்டு, அதையும் சொல்கிறேன்.

## தேர்வு செய்வதற்கு முன்

1926-இல் கேம்பிரிட்ஜில் எட்கர் ஏட்ரியனும் இங்வே சாட்டர்மானும் தவளைத் தசையிலிருந்து வரும் ஒற்றை நரம்பிழையின் மின்துடிப்புகளைப் பதிவு செய்தார்கள். தசையை ஓர் எடை இழுத்ததும் துடிப்புகள் படபடவென்று வந்தன. எடை அப்படியே இருக்க, துடிப்புகள் இடைவெளி விட்டு விட்டு வர ஆரம்பித்தன. எடையில் மாற்றமில்லை, நரம்பு அனுப்பும் செய்திதான் மாறியது. ஏட்ரியனுக்கு 1932-இல் ஷெரிங்டனோடு சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது. தூண்டல் அப்படியே நீடித்தால் பதில் தணியும், தூண்டல் மாறினால் பதில் மறுபடி எழும். நான்கு சோதனைகளுக்கும் அடிப்படை இதுதான்.

இதை ‘நரம்பு சோர்ந்துபோகிறது’ என்று தயவுசெய்து எழுதாதீர்கள். மாணவர்கள் மனத்தில் ஒருமுறை இது பதிந்துவிட்டால் எடுப்பது கஷ்டம். 1982-இல் ஒசாவா, ஸ்க்ளார், ஃப்ரீமன் மூவரும் பூனையின் பார்வைப் புறணியில், அதாவது கண்ணிலிருந்து வரும் செய்தியை அலசும் மூளையின் மேலடுக்கில், பார்த்தது வேறு. கண்முன் இருக்கும் காட்சியில் வெளிச்ச வேறுபாடு எந்த அளவில் இருக்கிறதோ, அந்த அளவைச் சுற்றித் தங்கள் உணர்திறனை அந்தச் செல்கள் நகர்த்திக்கொள்கின்றன. ஈயின் மூளையில் அசைவைக் கவனிக்கும் ஹெச்1 என்ற செல்லை வைத்து ஃபேர்ஹால் குழுவினர் 2001-இல் வெளியிட்ட முடிவும் அதே திசையில்தான் இருக்கிறது. அசைவின் ஏற்ற இறக்கம் சிறியதானால் அந்தச் செல் சிறு மாற்றங்களையும் பிரித்துச் சொல்கிறது. பெரியதானால் பெரிய வீச்சுக்குத் தன்னை விரித்துக்கொள்கிறது. ஓய்ந்துபோன செல் இப்படிச் செய்யாது.

செல்லுக்குள் நடப்பதும் ஓரளவு தெரிந்ததே. ஒவ்வொரு மின்துடிப்போடும் கொஞ்சம் கால்சியம் உள்ளே வருகிறது. அது சேரச்சேர, பொட்டாசியம் வெளியேறும் வாயில்கள் திறந்து அடுத்த துடிப்பைத் தாமதப்படுத்துகின்றன. இரு செல்கள் சந்திக்கும் இடத்தில் தயாராக இருக்கும் வேதிப்பொருளும் தொடர்ந்து செலவானால் குறைகிறது. பிளஸ் ஒன் மாணவருக்கு இவ்வளவு போதும்.

சரி, எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? நான் முதலில் பார்ப்பது, பழகுதல் எந்த இடத்தில் நடக்கிறது, அதை வந்தவர் தானே சோதித்துப் பார்க்க முடியுமா என்பதை. அடுத்து, ஒருவருக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும். பின்னால் நிற்கும் வரிசை முக்கியம். பிறகு நம் ஊர் வெயில், கண்காட்சிக் கூடத்து வெளிச்சம், செலவு, பாதுகாப்பு. கடைசியாக, நடுவர் இரண்டாவது கேள்வி கேட்டால் பிள்ளைகள் கையில் பதில் இருக்குமா என்பது.

## மூன்று வாளித் தண்ணீர்

ஒரு கை சூடான தண்ணீரில், ஒரு கை குளிர்ந்த தண்ணீரில். ஒரு நிமிடம் கழித்து இரண்டையும் நடு வாளியில் விட்டால், சூட்டில் இருந்த கைக்குக் குளிரும், குளிரில் இருந்த கைக்குச் சுடும். ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஜான் லாக் 1690-லேயே இதை எழுதியிருக்கிறார். ஆறாம் வகுப்புப் பிள்ளை முதல் பாட்டி வரை யாருக்கும் விளக்கம் சொல்லாமலே புரியும்.

நம் பக்கம் இதில் ஒரு சிக்கல் உண்டு. நடு வாளிக்குக் ‘குழாய்த் தண்ணீர்’ என்று குறிப்புகளில் போட்டிருக்கும். பங்குனி, சித்திரையில் பாளையங்கோட்டை மொட்டைமாடி டேங்கிலிருந்து மதியம் வரும் தண்ணீர் கையைச் சுடும். தோலின் வெப்பநிலை சுமார் 31 முதல் 36 டிகிரிக்குள் இருந்தால், கொஞ்ச நேரத்தில் சூடும் தெரியாது, குளிரும் தெரியாது. அந்தத் தண்ணீரை நடு வாளியில் ஊற்றிச் சூட்டு வாளியை 40 டிகிரியில் வைத்தால் இரண்டுக்கும் இடைவெளியே இருக்காது. வந்தவர் “ரெண்டும் ஒண்ணுபோலத்தானே இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். அதனால் நடு வாளியிலும் ஐஸ் போட்டு 28 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். குளிர் வாளி 18-க்குப் பக்கத்தில் இருக்கட்டும். சூட்டு வாளி 40-ஐத் தாண்டவே கூடாது. ஒரு தெர்மாமீட்டரும், அரை மணிக்கொரு தரம் தண்ணீர் மாற்ற ஒரு ஆளும் வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத செலவு இதில்தான் அதிகம். ஐஸ் கரைந்துகொண்டே இருக்கும். துண்டு ஈரமாகிவிடும். தரையில் தண்ணீர் சொட்டும், பக்கத்து மேசையின் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் அந்தத் தரையில்தான் கிடக்கும். இடத்தை முன்கூட்டியே பார்த்து, மின்சாரம் இல்லாத மூலையைக் கேட்டு வாங்குங்கள்.

எதை நிரூபிக்கிறது? இரண்டு கைகளும் ஒரே தண்ணீரைப் பற்றி வேறு வேறாகச் சொல்கின்றன என்றால், பழகுதல் அந்தந்தக் கையின் பாதையில் நடந்திருக்கிறது என்று அர்த்தம். இரு கைகளின் செய்தியும் சேர்ந்த பிறகு நடந்திருந்தால் இரண்டுக்கும் ஒரே மாதிரித்தான் பட்டிருக்கும். தோலில் உள்ள வெப்ப, குளிர் ஏற்பிகளின் (சூட்டையும் குளிரையும் முதலில் உணரும் நரம்பு முனைகளின்) பங்கே இதில் பெரிது. ஆக, அட்டையில் ‘உணர்வு ஏற்பிகள் பழகுகின்றன’ என்று எழுதினால் சரி. ‘மூளை’ என்று எழுதினால் நடுவர் பிடித்துக்கொள்வார்.

## கிளிப் படம்

ராணி கலரில் ஒரு கிளியை வரைந்து, அதன் கண்ணில் ஒரு கறுப்புப் புள்ளி வையுங்கள். அரை நிமிடம் அந்தப் புள்ளியையே பார்த்துவிட்டு வெள்ளைத் தாளுக்குப் பார்வையை மாற்றினால் வெளிர்பச்சைக் கிளி தோன்றும். தேசியக் கொடியைத் தலைகீழ் நிறங்களில் வரைந்து இதைச் செய்வது வழக்கம். கொடியைத் தவறான நிறத்தில் ஒட்டிவைப்பதைச் சிலர் விரும்ப மாட்டார்கள், கிளியே போதும்.

செலவு ஒரு தாளும் ஸ்கெட்ச் பேனாவும்தான். ஒருவருக்கு ஒரு நிமிடம். கூடத்தில் வெளிச்சம் நன்றாக இருக்க வேண்டும். மங்கலான ட்யூப் லைட் ஒன்று மட்டும் எரியும் வகுப்பறையில் நிறம் எடுபடாது. சிவப்பு-பச்சை பிரித்தறியாத பையன்கள் சிலர் வருவார்கள். அவர்களுக்காக நீலம்-மஞ்சளில் இன்னொரு படம் வைத்திருப்பது நல்லது.

இதில் பெரும்பகுதி வேலை விழித்திரையில் முடிந்துவிடுகிறது. நிறத்தை உணரும் கூம்புச் செல்களில் ஒரு வகையும் அவற்றை அடுத்த செல்களும் பழகிவிட, மற்றவற்றின் பங்கு ஓங்கித் தெரிகிறது. கண்ணை அசைத்தால் கிளியும் கூடவே நகரும். ஒரு கண்ணால் பார்த்துவிட்டு மறு கண்ணால் வெள்ளைத் தாளைப் பார்த்தால் பெரும்பாலும் கிளி இருக்காது. கண்ணுக்குள்ளேயே நடப்பது என்று இதைத் துணிந்து சொல்லலாம். நேரமும் காசும் இல்லாதவர்களுக்கு நல்ல தேர்வு.

## அல்வாவும் டீயும்

திருநெல்வேலியில் இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அல்வா தின்ற வாயோடு டீ குடித்தால் “சீனியே போடலையா” என்று கேட்கத் தோன்றும். கூட்டம் நிச்சயம் சேரும். இருந்தாலும் நான் பரிந்துரைப்பதில்லை. நாக்கில் ஒட்டும் நெய், டீயின் சூடு, துவர்ப்பு எல்லாம் கலந்துவிடுவதால் எது பழகுதல், எது வேறு என்று பிரிக்க முடியாது. சர்க்கரை வியாதி உள்ளவர்களைக் கேட்டுக் கேட்டுத் தவிர்க்க வேண்டும். ஈ மொய்க்கும், கை கழுவ ஏற்பாடு வேண்டும். சுவைதான் வேண்டும் என்றால் அல்வாவை விட்டுவிட்டு, கெட்டியாக ஒன்றும் லேசாக ஒன்றும் என்று இரண்டு சர்க்கரைக் கரைசல் வையுங்கள்.

சிறுகுறிஞ்சான் இலையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. மலையடிவாரத்துப் பிள்ளைகள் ஆசையாகக் கொண்டுவருவார்கள். அதை மென்றபின் சர்க்கரை மண்போல இருப்பது உண்மைதான். ஆனால் அது பழகுதலே இல்லை. இலையில் உள்ள ஜிம்னிமிக் அமிலம் இனிப்பு ஏற்பிகளைத் தடுத்துவிடுகிறது. இனிப்பே படாத நாக்கிலும் அது நடக்கும். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து வேறுபாட்டைக் காட்டினால் அருமையான மேசை. ‘பழகுதல்’ என்ற தலைப்பில் இலையை மட்டும் வைத்தால் தவறு.

## அருவி

பாபநாசத்தில் அகத்தியர் அருவிக்குப் போயிருப்பவர்கள் அடுத்த முறை குளித்து முடித்ததும் கொஞ்சம் தள்ளி நின்று இதைச் செய்து பாருங்கள். விழும் தண்ணீருக்கு நடுவே ஒரே இடத்தில் பார்வையை நிறுத்துங்கள். தண்ணீரோடு கண்ணைக் கீழே ஓடவிடக் கூடாது, முக்கியமே அதுதான். ஒரு நிமிடம் கழித்து, அருவிக்குப் பக்கத்துப் பாறைக்குப் பார்வையை மாற்றுங்கள். பாறையின் வெடிப்பு, பாசி, இடுக்கில் முளைத்த செடி எல்லாம் மெல்ல மேலே ஏறும். ஆனால் எந்தச் செடியும் தன் இடத்தைவிட்டு ஒரு விரற்கடைகூட நகர்ந்திருக்காது. ஏறிக்கொண்டே இருக்கிறது, எங்கும் போய்ச் சேருவதில்லை. அசைவைக் கணக்கிடும் செல்களும் இடத்தைக் கணக்கிடும் செல்களும் வேறு வேறு என்பதால் இப்படி ஓர் அனுபவம் சாத்தியமாகிறது. முதல் முறை பார்க்கும் பிள்ளை “ஏலே, பாறை மேல போவுது!” என்று கத்தாமல் இருந்ததில்லை.

1834-இல் ராபர்ட் ஆடம்ஸ் என்பவர் ஸ்காட்லாந்தின் ஃபாயர்ஸ் அருவியில் இதையே பார்த்து எழுதினார். ஓடும் பொருளைப் பார்த்தபின் நிற்பதும் ஓடுவதாகத் தோன்றுவதை அரிஸ்டாட்டில் காலத்திலேயே குறித்திருக்கிறார்கள்.

விளக்கம் இதுதான். மேல்நோக்கிய அசைவுக்குச் சில செல்கள், கீழ்நோக்கிய அசைவுக்குச் சில செல்கள். நிற்கும் பாறையைப் பார்க்கும்போது இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் துடித்துக்கொண்டிருக்கும். தராசின் இரு தட்டும் சமம். அருவியைப் பார்த்த ஒரு நிமிடத்தில் ‘கீழே’ செல்கள் பழகித் தணிந்துவிடுகின்றன. பாறைக்கு வந்ததும் ‘மேலே’ தட்டு கனக்கிறது. 1963-இல் பார்லோவும் ஹில்லும் முயலின் விழித்திரையில் இப்படிப்பட்ட செல்களைப் பதிவு செய்தார்கள். அவற்றுக்குரிய திசையில் அசைவைக் காட்டி நிறுத்தியதும் துடிப்பு வழக்கமான அளவுக்கும் கீழே போனது.

“முயலுக்கு விழித்திரையிலேயே நடக்கிறதே, நமக்கு மட்டும் மூளை என்று எப்படிச் சொல்கிறீர்கள்?” என்று நல்ல நடுவர் கேட்பார். மற்ற மூன்று சோதனைகளைவிட இதை உயர்த்துவது இந்தக் கேள்விக்கு மேசையிலேயே பதில் இருப்பதுதான். வலக் கண்ணை மூடிக்கொண்டு இடக் கண்ணால் மட்டும் அருவியைப் பாருங்கள். பிறகு இடக் கண்ணை மூடி, வலக் கண்ணைத் திறந்து பாறையைப் பாருங்கள். அருவியையே பார்க்காத வலக் கண்ணுக்கும் பாறை ஏறும். கொஞ்சம் வலுக் குறைந்திருக்கும், ஆனால் ஏறும். இரு கண்களின் செய்தியும் ஒரே செல்லில் வந்து சேருவது பார்வைப் புறணியில்தான் தொடங்குகிறது. ஹூபெல், வீசல் இருவரும் 1959 முதல் பூனையிலும் பிறகு குரங்கிலும் காட்டியது அது. 1981-இல் நோபல் பெற்றார்கள். ஒரு கண்ணில் பழகியது மறு கண்ணில் தெரிகிறது என்றால், பழகிய செல்களில் ஒரு பகுதியாவது அந்தச் சங்கமத்துக்கு அப்பால் இருக்க வேண்டும்.

இன்னும் கூர்மையான நடுவராக இருந்தால், “மூடிய இடக் கண்ணின் விழித்திரைதான் இன்னும் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கிறதோ?” என்பார். பார்லோவும் பிரிண்ட்லியும் 1963-இல் இதையும் சோதித்துவிட்டார்கள். அருவிபோன்ற அசைவைப் பார்த்த கண்ணை அழுத்தி, அதன் பார்வையைத் தற்காலிகமாக நிறுத்தினார்கள். அப்போதும் மறு கண்ணில் அசைவு தெரிந்தது. இதைப் பிள்ளைகள் செய்து பார்க்கக் கூடவே கூடாது. கண்ணை அழுத்துவது ஆபத்து. பதிலாகச் சொல்லத் தெரிந்திருந்தால் போதும்.

அருவியை மேசைக்கு எப்படிக் கொண்டுவருவது? செல்போனில் எடுத்த அருவி வீடியோவை முக்கால் நிமிடம் ஓடவிட்டு நிறுத்தினால், நின்ற படத்தில் தண்ணீர் மேலே ஏறும். காசில்லாத வழிதான். ஆனால் பல பள்ளிகளில் மாணவர் கையில் போன் இருக்கக் கூடாது. ‘வீடியோவில் ஏதோ செய்துவிட்டார்கள்’ என்ற சந்தேகமும் எழும். அதைவிடச் சார்ட் அட்டையில் தடித்த கறுப்புச் சுருளை வரைந்து சுழற்றுவது மேல். டேபிள் ஃபேன் மோட்டார் வேண்டாம், மெதுவாக வைத்தாலும் சுருள் கலங்கிப்போய் விளைவே வராது. ஒரு சுற்றுக்கு இரண்டு நொடி ஆனால் சரியாக இருக்கும். மெதுவாகச் சுழலும் கியர் மோட்டார் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். அதுவும் முடியாதென்றால் சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்திப் பின்சக்கரத்தில் அட்டையைக் கட்டிக் கையால் சுற்றலாம். உள்ளே சுருங்குவதுபோல் சுழலும் சுருளை முக்கால் நிமிடம் பார்த்துவிட்டு எதிரே நிற்கும் நண்பன் முகத்தைப் பார்த்தால் முகம் உப்பிக்கொண்டே வரும்.

இதற்கும் குறை உண்டு. ஒருவருக்கு இரண்டு மூன்று நிமிடம் ஆகிவிடும், வரிசை நீளும். பார்வையை ஒரே இடத்தில் நிறுத்தாத சின்னப் பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது. சிலருக்கு லேசாகத் தலை சுற்றும். வலிப்பு வந்தவர்களும் ஒற்றைத் தலைவலிக்காரர்களும் பார்க்க வேண்டாம் என்று ஒரு சீட்டு கட்டாயம் ஒட்டுங்கள்.

## சுருக்கமாகப் பார்க்க

| | மூன்று வாளி | கிளிப் படம் | அல்வா, டீ | அருவிச் சுருள் |
|---|---|---|---|---|
| முக்கியமாக எங்கே நடக்கிறது | தோல் ஏற்பிகள் | விழித்திரை | பெரிதும் நாக்கு | பார்வைப் புறணி |
| மேசையிலேயே சோதிக்க வழி | உண்டு, இரு கைகள் | உண்டு, மறு கண் | இல்லை | உண்டு, மறு கண் |
| ஒருவருக்கு நேரம் | 1½ நிமிடம் | 1 நிமிடம் | 2 நிமிடம் | 2 முதல் 3 நிமிடம் |
| கவனிக்காத செலவு | ஐஸ், ஈரத் தரை | நல்ல வெளிச்சம் | சுகாதாரம், சர்க்கரை நோய் | மோட்டார் வேகம், தலைசுற்றல் |
| யாருக்கு | ஆறு முதல் எட்டு | கூட்டம் அதிகமானால் | ஆசைக்கு மட்டும் | ஒன்பதுக்கு மேல் |

மெக்கல்லா விளைவு என்று ஒன்றைச் சிலர் கேட்கிறார்கள். சிவப்பு, பச்சைக் கோடுகளைச் சில நிமிடம் மாறி மாறிப் பார்த்தால், பிறகு கறுப்பு வெள்ளைக் கோடுகளிலும் நிறம் தெரியும். 1965-இல் கண்டறிந்தது. மணிக்கணக்கில், சிலருக்கு நாள்கணக்கில்கூட நீடிக்கும் என்பதாலேயே பிறர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டாம் என்பேன்.

## உங்கள் நிலைமைக்கு எது

நடுநிலைப் பள்ளி, வருகிறவர்கள் சிறுபிள்ளைகள், தண்ணீரும் ஆளும் இருக்கிறது என்றால் மூன்று வாளி. ஒரே நாளில் நூற்றுக்கணக்கானவர்கள் வரும் பெரிய கூடம், கையில் காசில்லை என்றால் கிளிப் படம். மாவட்ட அளவில் போட்டி, நடுவர்கள் நின்று கேள்வி கேட்பார்கள் என்றால் சுருளைத் தவிர வேறெதையும் யோசிக்காதீர்கள். இரண்டு மாணவர்கள், ஒரு நீளமான மேசை கிடைத்தால் கிளியையும் சுருளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் ‘மறு கண்ணுக்கு மாறுகிறதா?’ என்ற ஒரே கேள்வியைக் கேளுங்கள். கிளி மாறாது, சுருள் மாறும். கண்ணுக்கும் மூளைக்கும் இடையே எல்லை எங்கே என்பதைப் பார்வையாளரே கண்டுபிடித்துக்கொள்வார்.

சுருளை எடுப்பவர்கள் ஒரு நோட்டும் ஸ்டாப்வாட்சும் வைத்துக்கொள்ளுங்கள். அதே கண்ணில் எத்தனை நொடி தெரிந்தது, மறு கண்ணில் எத்தனை நொடி என்று இரண்டு பத்தி போதும். வருகிற ஆள்களில் பாதிப் பேருக்கு அதே கண்ணையும் மீதிப் பேருக்கு மறு கண்ணையும் முதலில் சோதியுங்கள், இல்லாவிட்டால் முதல் சோதனையின் மிச்சம் இரண்டாவதில் கலந்துவிடும். நடுவே இரண்டு நிமிடம் கண்ணுக்கு ஓய்வு கொடுங்கள். அந்த ஓய்வில் கண்ணை மூடவிடாமல் சுற்றிலும் பார்க்கச் சொல்லுங்கள். மூடிவைத்தால் விளைவு கரையாமல் தங்கிவிடும் என்பதை 1911-லேயே வோல்கெமுத் கவனித்திருக்கிறார். மறு கண் பத்தியில் எண்கள் சிறியதாக வந்தால் பயப்பட வேண்டாம். ஒரு கண்ணோடு மட்டும் தொடர்புள்ள செல்களும் பழகியிருக்கின்றன, அவற்றின் பங்கு மறு கண்ணுக்குப் போகாது என்பதைத்தான் அந்த வித்தியாசம் சொல்கிறது. நடுவர் கேட்டால் நோட்டைத் திறந்து காட்டுங்கள்.